போஸ்டரா, எழுத்தா? மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி பதிவு போட எந்த வழி எதற்கு உதவும்

ஒரு சமூக ஊடகப் பக்கத்தை நடத்துபவர்களுக்குப் பெரும்பாலும் பணமோ மனமோ தட்டுப்பாடில்லை, நேரம்தான் தட்டுப்பாடு. பதிவு ஒன்றுக்கு அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதற்குள் பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் கை நடுக்கம் உள்ளவருக்கும் அது எட்ட வேண்டும் என்றால், எதைச் செய்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தோடு மறைவாக இணைக்கும் விளக்க வரி) போதுமா, பதிவிலேயே விளக்கம் எழுத வேண்டுமா? சப்டைட்டிலை வீடியோவில் பதித்துவிடலாமா, தனிக் கோப்பாகக் கொடுப்பதா? தளம் தானாகப் போடுவதை அப்படியே விட்டுவிட்டால் என்ன?

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஓர் அளவுகோல் உண்டு. நாம் கொடுப்பதை வாசகர் தனக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்பதே அது. எழுத்து எழுத்தாகவே இருந்தால், திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருளான ஸ்க்ரீன் ரீடர் அதைக் குரலாக்கும், பிரெய்ல் திரை தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக்கும். பார்வை மங்கியவர் நான்கு மடங்கு பெரிதாக்கிக்கொள்வார். வெளிச்சம் ஆகாதவர் கறுப்புப் பின்னணிக்கு மாற்றிக்கொள்வார். அதே வரி போஸ்டருக்குள் போய்விட்டால் இவற்றில் ஒன்றும் நடக்காது. கீழே வரும் பரிந்துரைகள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தவை.

படத்துக்கு எது: தானியங்கி விளக்கமா, ஆல்ட் டெக்ஸ்டா, பதிவிலேயே எழுதுவதா?

தானாக வரும் விளக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஃபேஸ்புக் 2016இல் இதைத் தொடங்கியது. படத்தில் என்னென்ன பொருள்கள் தென்படுகின்றன என்று மென்பொருள் ஊகித்துப் பட்டியல் போடும். ஒரு நூலகம் தன் வாசலில் சாய்தளம் கட்டிப் படம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி விளக்கம் ‘வெளிப்புறம், கட்டடம், ஒருவர்’ என்ற அளவில் நின்றுவிடும். வாசகருக்குத் தேவையானது ‘நூலக வாசலின் வலப்பக்கம் புதிய சாய்தளம், இருபுறமும் கைப்பிடி, மேலே தானாகத் திறக்கும் கதவு’ என்பது.

இப்போது செயற்கை நுண்ணறிவு மிக விரிவாகவே விவரிக்கிறதே, வாசகர் தன் போனிலேயே கேட்டுக்கொள்ளலாமே என்ற வாதம் அடிக்கடி வருகிறது. 2023இல் பார்வையற்றோருக்கு உதவும் பி மை ஐஸ் செயலியில் இந்த வசதி வந்தபின் பார்வையற்றோர் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் படத்தில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லும். அதை ஏன் போட்டீர்கள் என்பது அதற்குத் தெரியாது. சாய்தளம் பற்றிய படத்தில் பூந்தொட்டிகளைப் பற்றி நான்கு வரி சொல்லிவிட்டுக் கைப்பிடியை விட்டுவிடவும் கூடும். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் ஆபத்தும் உண்டு. பார்வையற்றவரால் அதைச் சரிபார்க்க முடியாது. முதல் வரைவுக்கு இதைப் பயன்படுத்தித் திருத்திக்கொள்வதில் தவறில்லை. அப்படியே விட்டுவிடுவதுதான் தவறு.

ஆல்ட் டெக்ஸ்ட் எழுத ஒன்றிரண்டு நிமிடம் போதும். ‘இது ஒரு படம்’ என்று தொடங்க வேண்டியதில்லை. படம் என்பதை ஸ்க்ரீன் ரீடரே முன்னால் சொல்லிவிடும். முக்கியமானது முதலில் வர வேண்டும், ஏனென்றால் கேட்பவர் பாதியிலேயே அடுத்ததற்குத் தாவக்கூடும். 125 எழுத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு சுற்றிவருகிறது. இணைய அணுகல் நெறிகளில் அப்படி ஒரு வரம்பு இல்லை. தளங்களின் வரம்பு வேறு: எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) 1000 எழுத்துகளும், மாஸ்டடான் என்ற சமூக ஊடகத் தளம் 1500 எழுத்துகளும் அனுமதிக்கின்றன. தமிழில் இந்த எண்ணிக்கையை நம்பி ஏமாறக் கூடாது. கணினி எண்ணும்போது காலும் கொம்பும் புள்ளியும் பெரும்பாலும் தனித்தனி எழுத்துகள். ‘மாற்றுரை’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டு. ஆகவே உண்மையில் கிடைக்கும் இடம் பாதியைவிடச் சற்றே கூடுதல்தான்.

பதிவின் உடலிலேயே விளக்கம் எழுதுவது மூன்றாவது வழி. இது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். படத்தைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுபவருக்கும், படம் தரவிறங்காதவருக்கும் இது உதவும். பெரும்பாலும் ஸ்க்ரீன் ரீடர் வைத்திருப்பவரையே எட்டும் ஆல்ட் டெக்ஸ்ட்டால் இது எளிதில் முடியாது. பதிவு நீண்டுவிடும் என்பதும், ஆல்ட் டெக்ஸ்ட்டிலும் அதையே எழுதினால் ஸ்க்ரீன் ரீடர் பயனர் ஒரே செய்தியை இருமுறை கேட்க நேரும் என்பதும் குறைகள்.

சாதாரணப் புகைப்படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட். தகவல் பொதிந்த போஸ்டருக்குப் பதிவின் உடல். இப்படிப் பிரித்துக்கொள்வதே சரி. போஸ்டரில் உள்ள முழு அழைப்பிதழையும் ஆல்ட் டெக்ஸ்ட்டில் கொட்டுபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் அது பாதி வேலைதான். ஆல்ட் டெக்ஸ்ட் ஒரே மூச்சில் படிக்கப்படும் ஒரு துண்டு. அதற்குள் பத்தி இல்லை, இணைப்பு இல்லை. தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. முகவரியை நகலெடுப்பதும் எளிதல்ல. நேரத்தைத் தவறவிட்டால் பெரும்பாலும் தலைப்பிலிருந்து மறுபடி கேட்க வேண்டியதுதான். அதே தகவல் பதிவின் உடலில் இருந்தால் வரிவரியாகப் போகலாம், சில தளங்களில் எண்ணைத் தொட்டாலே அழைப்பு போகும். அப்போது ஆல்ட் டெக்ஸ்ட் ‘பதிவில் உள்ள விவரங்களைக் கொண்ட போஸ்டர், மேலே மூவர் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடும் படம்’ என்று முடிந்துவிடும்.

நாள், நேரம், இடம், தொடர்பு எண், கட்டணம் உண்டா இல்லையா: இந்த ஐந்தும் எழுத்தாகப் பதிவில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே போஸ்டரை ஏற்ற வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. பதிவைப் பலரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தும் படத்தைத் தரவிறக்கியும் குழுக்களில் பகிர்கிறார்கள். அந்த வழியில் ஆல்ட் டெக்ஸ்ட் கூடவே போகாது. நகலெடுத்து ஒட்டிய எழுத்து போகும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. டிடிபி செய்பவர் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வாசகத்தை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் வரும். அதைக் கண்டு ஒதுக்கிவிட்டு போஸ்டரை மட்டும் போடுவது வழக்கமாகிவிட்டது. எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியாக்கமான யுனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. மாற்றியபின் ஒருமுறை படித்துத் திருத்தினால் போதும். இன்னும் நல்லது, வாசகத்தை முதலிலேயே யுனிகோடில் எழுதி இறுதி செய்துவிட்டு, அதன் பிறகு வடிவமைப்பாளரிடம் கொடுப்பது. வரிசையை இப்படி மாற்றினால் கூடுதல் வேலை ஏறத்தாழ இல்லாமலே போய்விடும்.

போஸ்டர் இருந்தே ஆக வேண்டும் என்றால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 விகிதம், பெரிய எழுத்தானால் 3:1. மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து இந்தத் தேர்வில் எப்போதும் தோற்கும்.

பதிவை முன்கூட்டியே நேரம் குறித்து வெளியிடும் கருவிகளைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைச் சோதிக்க வேண்டும். சிலவற்றில் ஆல்ட் டெக்ஸ்ட் பெட்டியே இருக்காது. சிலவற்றில் ஒரு தளத்துக்குப் போகும், இன்னொன்றுக்குப் போகாது. ஒரு சோதனைப் பதிவை வெளியிட்டு, போனில் ஸ்க்ரீன் ரீடரை இயக்கிக் கேட்டுவிட வேண்டியதுதான். ஆண்ட்ராய்டில் இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்து மூன்று வினாடி அழுத்தினால் டாக்பேக் இயங்கும்படியும், ஐபோனில் பக்கப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் வாய்ஸ்ஓவர் இயங்கும்படியும் அமைப்புகளில் குறித்துக்கொள்ளலாம்.

சப்டைட்டில்: தானியங்கியா, பதித்ததா, தனிக் கோப்பா?

யூடியூப் 2009இலேயே தானியங்கி சப்டைட்டிலைக் கொண்டுவந்தது. அது எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. ஆனாலும் அது தடுமாறும் இடங்கள் மாறவில்லை: ஆட்பெயர், ஊர்ப்பெயர், எண்கள், இரண்டு பேர் சேர்ந்து பேசுவது, பேச்சுத் தமிழும் ஆங்கிலமும் கலந்து வருவது. இவற்றைவிட ஆபத்தானது எதிர்மறை. ‘முடியாது’ என்பது ‘முடியுது’ என்று விழுந்தால் சொன்னதற்கு நேர் எதிரான செய்தி போய்ச் சேரும். மருந்து, விண்ணப்பக் கடைசி நாள், பாதுகாப்பு எச்சரிக்கை போன்றவற்றில் இது விளையாட்டல்ல. நிறுத்தக்குறிகள் பெரும்பாலும் சரியாக வராது, யார் பேசுகிறார் என்பதும் தெரியாது. வீடியோவில் அபாய மணி ஒலித்தாலும் சப்டைட்டிலில் அது இருக்கும் என்ற உறுதி இல்லை.

பத்து நிமிடம்தான் கையில் இருக்கிறது என்றால் எண்கள், பெயர்கள், ‘இல்லை, கூடாது, முடியாது’ வகைச் சொற்கள் ஆகிய மூன்றை மட்டும் தேடித் திருத்துங்கள். மற்ற எழுத்துப்பிழைகளை வாசகர் ஊகித்துக் கடந்துவிடுவார். இந்த மூன்றையும் ஊகிக்க முடியாது.

அடுத்தது, வீடியோவிலேயே பதிக்கப்பட்ட சப்டைட்டில். ரீல்ஸ், ஷார்ட்ஸ் போடுபவர்களின் செல்லப்பிள்ளை இது. எங்கே பகிர்ந்தாலும் கூடவே போகும். வாசகர் எந்தப் பொத்தானையும் தேட வேண்டியதில்லை. ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களையும் பிடித்துவைக்கும். இவ்வளவு நன்மை இருந்தும் நம் அளவுகோலில் இது தோற்கிறது. பதித்த எழுத்தைப் பெரிதாக்க முடியாது, நிறம் மாற்ற முடியாது, வேறு மொழிக்குக் கொண்டுபோக முடியாது. பார்வையும் கேட்கும் திறனும் இரண்டும் குறைந்தவர் பிரெய்ல் திரையில் படிக்க அதில் எதுவுமே இல்லை. பிழை கண்டால் வீடியோவை மறுபடி ஏற்ற வேண்டும். அதுவரை வந்த பார்வைகளும் கருத்துகளும் போய்விடும். தனிக் கோப்பானால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பதித்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. செங்குத்து வீடியோவின் கீழ்ப்பகுதியைத் தளத்தின் தலைப்பும் கணக்குப் பெயரும் மறைக்கும். வலது ஓரத்தைப் பொத்தான்கள் மறைக்கும். சப்டைட்டிலைக் கீழிருந்து ஏறத்தாழ கால்பங்கு உயரத்துக்கு மேலே வைப்பது பாதுகாப்பு. இரண்டாவது, எழுத்தமைப்பு. சில எடிட்டிங் மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ‘கொடை’ என்று எழுதி வீடியோவை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஒற்றைக் கொம்பு, கால், ஐகாரம் மூன்றும் அந்த ஒரு சொல்லிலேயே சோதிக்கப்பட்டுவிடும்.

எஸ்ஆர்டி எனப்படும் தனிக் கோப்புதான் நமது முதல் தேர்வு. இதற்குச் சிறப்பு மென்பொருள் எதுவும் வேண்டாம். சாதாரண நோட்பேட் போதும். வரிசை எண், அடுத்த வரியில் நேரம், அதற்கடுத்து வாசகம், பிறகு ஒரு வெற்று வரி. நேரம் இப்படி இருக்கும்:

00:00:05,200 --> 00:00:08,900

வினாடிக்கும் மில்லிவினாடிக்கும் இடையே இருப்பது காற்புள்ளி. அங்கே முற்றுப்புள்ளி வைத்ததால் ஏற்க மறுக்கப்பட்ட கோப்புகள் ஏராளம். சேமிக்கும்போது குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் மாறும். ஃபேஸ்புக்கில் ஏற்றக் கோப்பின் பெயரிலேயே மொழி, நாட்டுக் குறியீடு சேர்க்க வேண்டும்; பெயர் சரியில்லாவிட்டால் காரணம் புரியாதபடி திருப்பி அனுப்பும்.

ஒரு சப்டைட்டிலில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். குறைந்தது ஒரு வினாடியாவது நிற்கட்டும். ஆறேழு வினாடியைத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 160 முதல் 180 சொற்கள் என்று ஆங்கில வழிகாட்டிகள் தரும் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. ‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ என்பது ஒரே சொல். போன் திரைக்கு வரிக்கு மூன்று நான்கு சொற்கள் போதும். பேச்சு வேகமாக இருந்தால் பொருள் கெடாமல் சுருக்குங்கள், ஆனால் பேசியவரின் வட்டார வழக்கைத் திருத்தி எழுதாதீர்கள். அவர் எப்படிப் பேசினார் என்பதும் தகவல்தான். பொருளுக்கு வேண்டிய ஒலிகளைச் சதுர அடைப்புக்குள் குறிக்கலாம்: [அபாய மணி], [கூட்டம் சிரிக்கிறது].

நேரக் கணக்கு? வெறும் தாளிலிருந்து தொடங்கினால் வீடியோவின் நீளத்தைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வீடியோவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை. பேச வேண்டியதை முன்பே எழுதிவைத்திருந்தால் இது பெரிதும் குறையும். யூடியூப்பில் வாசகத்தை மட்டும் ஒட்டினால், பேச்சறிதல் உள்ள மொழிகளில், நேரத்தை அதுவே பொருத்திக்கொடுக்கும். அந்த வாசகத்தையே வீடியோவின் கீழே முழு எழுத்துவடிவமாகவும் போட்டுவிடலாம். பிரெய்லில் படிப்பவருக்கு அதுதான் ஆக வசதியானது.

நேரலைக்குத் தானியங்கி சப்டைட்டில் ஒன்றுமில்லாததைவிட மேல், அவ்வளவுதான். விவாதம், கேள்வி பதில் உள்ள நிகழ்ச்சி என்றால் உடனுக்குடன் தட்டச்சு செய்பவரை அமர்த்துவதே முறை. முடியாவிட்டால் திருத்திய பதிவை இரண்டு நாளில் தருவோம் என்று முன்பே சொல்லி, தரவும் வேண்டும். ட்விட்டர் 2020 ஜூனில் குரல் பதிவுகளைச் சப்டைட்டில் இல்லாமலே அறிமுகப்படுத்திக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவற்றுக்குச் சப்டைட்டில் வசதியைச் சேர்க்க 2021 ஜூலை ஆயிற்று.

பார்க்க முடியாதவருக்கு வீடியோ

சப்டைட்டில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் மறப்பது இதை. பாட்டுப் பின்னணியில் எழுத்துகள் வந்து வந்து போகும் வீடியோ இருக்கிறதே, பார்வையற்றவருக்கு அது வெறும் பாட்டு. போஸ்டருக்கு வந்த அதே நோய்.

இதற்கு இரண்டு வழிகள். திரையில் நடப்பதைக் குரலில் சொல்லும் காட்சி விவரணையுடன் இன்னொரு பிரதி தயாரிப்பது ஒன்று. பெரும்பாலான தளங்கள் ஒரு வீடியோவுக்கு ஓர் ஒலித்தடம் மட்டுமே ஏற்பதால் அதைத் தனி வீடியோவாகத்தான் போட வேண்டும்; எந்தப் பிரதி யாருக்கு என்ற குழப்பமும் சேரும். மற்றது, பேசுபவரே பார்ப்பதைச் சொல்லிவிடும்படி ஸ்கிரிப்ட் எழுதுவது. ‘இதோ இதை அழுத்துங்கள், இப்படி வரும்’ என்பதற்குப் பதில் ‘மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும், அதில் மூன்றாவது, அணுகல் வசதி’ என்று சொன்னால் தனிப் பிரதியே தேவையில்லை. செய்முறை விளக்கம், நேர்காணல், அறிவிப்பு எல்லாவற்றுக்கும் இரண்டாவது வழிதான் மலிவு, நேர்த்தியும் கூட. குறும்படம், நடனம் போன்றவற்றுக்கு முதல் வழி.

மின்னி மின்னி அணையும் காட்சிகளுக்கு மாற்றுவழி எதுவும் இல்லை, எடுத்துவிட வேண்டும். வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடுவது சிலருக்கு வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூனின் சிவப்பு, நீல மின்னல்களால் 600க்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. வீடியோ தானாக ஓடத் தொடங்கும் தளங்களில் ‘எச்சரிக்கை’ என்று முதலில் போடுவது காப்பாற்றாது.

சைகை மொழி வேண்டுமா?

சப்டைட்டில் இருக்கும்போது சைகை மொழி எதற்கு என்பது வழக்கமான கேள்வி. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்துமொழி இரண்டாம் மொழி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. எல்லா வீடியோவுக்கும் முடியாதென்றால் அவசர அறிவிப்பு, உடல்நலம், உரிமைகள் தொடர்பானவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரை மூலையில் சிறு கட்டத்துக்குள் அடைத்தால் போன் திரையில் விரல்களும் முகபாவமும் தெரியாது. செங்குத்து வீடியோவில் திரையை மேல் கீழாகப் பாதியாகப் பிரிப்பது நல்லது. சட்டை ஒரே நிறமாக, கையின் நிறத்திலிருந்து நன்கு வேறுபட்டதாக இருக்கட்டும்.

சில்லறைபோல் தெரிபவை

ஹேஷ்டேக்கில் ஆங்கிலமானால் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்கினால் ஸ்க்ரீன் ரீடர் சொற்களைப் பெரும்பாலும் பிரித்துப் படிக்கும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் அடிக்கோடு போட வேண்டும்: #அனைவருக்கும்_நூலகம். ஹேஷ்டேக் கூட்டத்தைப் பதிவின் கடைசியில் வையுங்கள், நடுவில் வேண்டாம். எமோஜி ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஏழு கைதட்டல் போட்டால் ஸ்க்ரீன் ரீடர் பெரும்பாலும் ஏழு முறை ‘கைதட்டல்’ என்று சொல்லும். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எமோஜியைத் தொடக்கத்தில் வைப்பது இதனால்தான் எரிச்சலூட்டுகிறது. ஆங்கிலப் பெயரை அலங்கார எழுத்தாக மாற்றித்தரும் இணையக் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை உண்மையில் கணிதக் குறியீடுகள். பல ஸ்க்ரீன் ரீடர்கள் அவற்றைக் குறியீடு குறியீடாக ஒப்பிக்கும், சில தாண்டியே போய்விடும்.

‘இணைப்பு சுயவிவரத்தில்’ என்று எழுதுவதும் இந்த வகைதான். சுவிட்ச் கருவியால் ஒவ்வொரு பொத்தானாக நகர்ந்து போனை இயக்குபவருக்கு, பதிவிலிருந்து சுயவிவரம், அங்கிருந்து இணைப்புப் பட்டியல், அதில் சரியான வரி என்று போவதற்குள் கை சோர்ந்துவிடும். நேரடி இணைப்பை அனுமதிக்கும் தளத்தில் அதையே கொடுங்கள். அனுமதிக்காத தளத்தில் எளிதாகத் தட்டச்சு செய்யக்கூடிய குறுகிய முகவரியை எழுதுங்கள்.

எந்தத் தளத்தை நம்புவது?

அணுகல் வசதியை மட்டும் வைத்துப் பார்த்தால் மாஸ்டடானும் புளூஸ்கையும் சில விஷயங்களில் முந்துகின்றன. பதிவின் மொழியைக் குறிக்கலாம். ஸ்க்ரீன் ரீடர் தமிழ்க் குரலுக்கு மாற அது உதவக்கூடும். புளூஸ்கையில் ஆல்ட் டெக்ஸ்ட் எழுதாமல் படம் போட முடியாதபடி நம்மை நாமே கட்டிப்போடும் அமைப்பும் உண்டு. ஆனால் வாசகர்கள் இருக்கும் இடத்தில்தான் நாமும் இருந்தாக வேண்டும்.

தளங்கள் தரும் வசதி நிலையானதல்ல. விவாதத் தளமான ரெடிட் 2023 ஜூலையில், மற்றவர்கள் உருவாக்கிய வெளிச் செயலிகளுக்குக் கட்டணம் கொண்டுவந்தபோது அவற்றையே நம்பியிருந்த பார்வையற்ற பயனர்கள் போராடினார்கள்; அணுகலுக்கென்றே இயங்கும் இலாபநோக்கற்ற சில செயலிகளுக்கு விலக்கு கிடைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் ட்விட்டர் வெளிச் செயலிகளை வெட்டியது. முக்கியமான அறிவிப்புகளின் முழு வாசகம் உங்களுடைய சொந்த இணையப் பக்கத்தில், வெறும் எழுத்தாக, எப்போதும் இருக்கட்டும். சமூக ஊடகப் பதிவு அதற்கு வழிகாட்டினால் போதும்.

பழைய பதிவுகளை என்ன செய்வது என்ற கேள்வி மீதி. எல்லாவற்றையும் திருத்த உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவீர்கள். மேலே பொருத்திவைத்த பதிவு, சுயவிவரப் படம், இன்னும் நடப்பில் உள்ள தேதி, எண், விண்ணப்ப முறை தாங்கிய போஸ்டர்கள், அதிகம் பார்க்கப்படும் மூன்று நான்கு வீடியோக்கள்: இந்த வரிசையில் போங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், மாஸ்டடான் ஆகியவற்றில் வெளியான பதிவுக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் சேர்க்கலாம். எக்ஸில் வழக்கமான கணக்குகளுக்கு அந்த வசதி இல்லை. அந்தப் பதிவுக்குக் கீழே பதிலாக முழு வாசகத்தையும் எழுதிவிட்டு, அடுத்த முறை மறக்காமலிருக்கப் பட விளக்க நினைவூட்டலை அமைப்புகளில் இயக்கிவையுங்கள்.